ஆகட்டும், ஆண்டவரே!

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் காலைத் தியான வேளையில் ஆற்றிய உரை)

 

இந்தத் தியான வேளைக்கு ஒரு போதகரையோ, பேராசிரியரையோ அழைத்திருக்கலாம். ஆனால் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "ஏ தம்பி, இந்தத் தடவை நீதான் பேசுற. இருபது நிமிஷம். கூடப் பேசினா மைக்கை அமத்திருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இங்கே இயற்பியல் படித்து முடித்து, பிறகு பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, சிவில் இன்ஜினியர் ஆனவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்டும் ஜல்லியும் கம்பியும்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். தளம் போட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கான்கிரீட் கல்லு மாதிரி இருக்கும். மேலே ஏறி நடக்கலாம். வீட்டுக்காரர் ஆசையோடு கேட்பார்: "ஸார், நல்லா இறுகிட்டுல்லா? சென்ட்ரிங்கைப் பிரிச்சிரலாமா? வாடகை ஓடுதுல்லா!" பிரிக்கக் கூடாது. நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்குக் கொடுத்த முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் 14 நாள். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரம் என்றால் 21 நாள். இது நம் நாட்டு விதி. முழு பலம் வந்துவிட்டதா என்று 28ஆம் நாளில்தான் கட்டியை உடைத்துச் சோதிக்கிறோம்.

அந்த நாட்களில் சும்மா இருக்கிறோமா? இல்லை. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம். தினமும் ஊற்றுகிறோம். கான்கிரீட் காய்ந்து பலமாகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. சிமெண்டும் தண்ணீரும் உள்ளே ஒன்றோடொன்று வினைபுரிவதால்தான் பலம் வருகிறது. தண்ணீர் வற்றினால் அந்த வேலை நின்றுபோகும். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் அந்தத் தளத்தின் வாழ்நாள் முழுமைக்குமான பலம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் விசுவாசத்தோடு காத்திருப்பது, ஆண்டவருக்கு 'ஆகட்டும்' என்று சொல்வது. இவற்றை இரண்டு தனித்தனிக் காரியங்களாக நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முதலில் காத்திருக்க வேண்டும், பதில் வந்த பிறகு 'ஆகட்டும்' சொல்ல வேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதாய்ச் சொல்லும் 'ஆகட்டும்'தான் அந்தத் தளத்துக்கு ஊற்றும் தண்ணீர். அது இல்லாவிட்டால் பதில் வரும் நாளில் அதைத் தாங்க நமக்குப் பலம் இருக்காது.

வேதத்தில் பாருங்கள். ஆபிரகாம் அழைப்பைப் பெற்றுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. நடுவிலே 25 வருஷம். அதிலும் 86ஆம் வயதில், இனிப் பொறுக்க முடியாது என்று, ஆகாரின் மூலமாகத் தானே ஒரு வழி பண்ணிப் பார்த்தார். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரித்த கதை அது. அதன் பாரம் முழுவதும் விழுந்தது ஆகார் தலையிலும் அந்தப் பிள்ளை தலையிலும். நம் அவசரத்தின் கூலியைப் பெரும்பாலும் வேறு யாரோதான் கொடுக்கிறார்கள்.

மரியாளோ தூதனிடம் சம்மதம் சொல்ல ஒரு நிமிஷம்தான் எடுத்திருப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாம் படமாக வரைகிறோம், நாடகமாகப் போடுகிறோம். ஆனால் அதன் பிறகு? ஊர்ப் பேச்சு, பெத்லெகேம் பயணம், எகிப்துக்கு ஓட்டம், நாசரேத்தில் யாரும் கவனிக்காத முப்பது வருஷம், கடைசியில் சிலுவையடி. ஒவ்வொரு இடத்திலும் அதே சம்மதத்தைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

இதெல்லாம் பாலஸ்தீனத்துக் கதை, நமக்கென்ன என்று நினைக்கிற தம்பிமார்களுக்கு, நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். நாம் கல்லூரிக் காலத்தில் ஊசிக்கோபுரத்தைப் பார்த்து நேரம் போக்கியிருக்கிறோம். ஆனால் பாளையங்கோட்டையில் அதைவிடப் பழமையான ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. கிளாரிந்தா ஆலயம். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கிளாரிந்தா தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டிய பிராமணக் குடும்பத்து இளம் விதவை. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த அதிகாரியின் பாதுகாப்பில், அவருடைய துணையாகவே வாழ்ந்தார். அவரிடமிருந்தே கிறிஸ்தவ மார்க்கத்தையும் அறிந்துகொண்டார். அப்போது தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போய், தமக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். முறையாகத் திருமணம் ஆகாமல் அந்த அதிகாரியோடு வாழ்கிறவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது ஐயருடைய நிலை.

அந்தப் பெண்ணின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். பிறந்த சமூகத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. சேர விரும்பிய சபையும் கதவைச் சாத்திவிட்டது. திருமணம் என்பதோ அவர் கையில் மட்டும் இருந்த காரியம் அல்ல. "போங்கய்யா, உங்க சாமியும் வேண்டாம், சபையும் வேண்டாம்" என்று அவர் சொல்லியிருந்தால், நாம் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. பிறகு பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்த அதிகாரி இறந்துபோனார். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, அதே பெண் அதே கேள்வியோடு திரும்பவும் வந்து நின்றார். அந்த வருஷம்தான் கிளாரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்டது கிடைத்தது என்று மட்டும் சொல்லலாம். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. திருநெல்வேலித் திருச்சபை தன் வயதைக் கணக்கிடுவது அந்த வருஷத்திலிருந்துதான். 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை, முன்பு மறுத்த அதே சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். சபைக்கு ஒரு நல்ல உபதேசியார் வேண்டும் என்று அம்மையார் விடாமல் கேட்டதன் பலனாக வந்து சேர்ந்தவர் சத்தியநாதன். அவர் 1790இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். அம்மையார் ஊருக்காக வெட்டிய கிணறும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஜில்லாவின் பெருங்குளத்தைச் சேர்ந்த அ. மாதவையா 1915இல் இந்த அம்மையாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் இந்த வாழ்க்கை அவரைத் தொட்டிருக்கிறது.

சபை மறுத்த அந்த வருஷங்களில் அம்மையார் மனசுக்குள் என்ன நடந்தது என்று நமக்கு எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் 28ஆம் நாள் உடைத்துப் பார்க்கும் கட்டி மாதிரி, பின்னாலே அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் அந்த நாட்களில் தண்ணீர் வற்றவில்லை என்று சொல்ல முடிகிறது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சுவார்ட்ஸ் ஐயர் மேல் கோபம்தான் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. 'காத்திரு' என்று கடவுள் சொல்வது வேறு, மனுஷன் சொல்வது வேறு. தாழ்த்தப்பட்ட மக்களைப் பார்த்து, பெண்களைப் பார்த்து, ஏழைகளைப் பார்த்து "பொறுத்திரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று வசதியானவர்கள் சொல்லும்போது, அதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை. நம் சபைகளிலேகூட ஒரே பந்தியில், ஒரே கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டவர்களுக்கு 'காத்திரு' என்ற பதில்தான் கொடுக்கப்பட்டது. அவர்கள் காத்திருந்தது அவர்கள் விசுவாசத்துக்குச் சாட்சி. காக்க வைத்தது நம் கடின மனசுக்குச் சாட்சி. ஆகவே தம்பி தங்கைகளே, உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைத் தராமல் ஒருவர் இழுத்தடித்தால் கேளுங்கள், திரும்பக் கேளுங்கள். கிளாரிந்தா அம்மையாரும் கேட்காமல் இருந்துவிடவில்லை. இரண்டாம் தடவையும் வந்து கேட்டார்.

இன்னொருவர் அசரியா அத்தியட்சர். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். பெற்றோர் ஆண் குழந்தைக்காகப் பல வருஷம் ஜெபித்துக் காத்திருந்து பெற்ற பிள்ளை. அன்னாளின் கதை நினைவாக அவர் பெயரில் சாமுவேல் சேர்ந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஆனால் கடைசித் தேர்வு சமயத்தில் உடம்பு சுகமில்லாமல் போய், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். அரியர் வைத்திருக்கிற தம்பிமார் கவனிக்கவும்! 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. (இதைச் சொல்லிவிட்டேன் என்று பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.)

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவர் அவர். நம் ஜில்லாக்காரர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களை, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பினார்கள். இளைஞர்களிடம் "போங்கள், போங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கேள்வி உறுத்தியது: ஊரையெல்லாம் போகச் சொல்லுகிறேனே, நான் ஏன் போகவில்லை? ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பொறுப்பை விட்டுவிட்டு, 1909இல் குடும்பத்தோடு தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. ஏறக்குறைய என் வயது. வேலையில் காலூன்றி, இனி எதையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று நினைக்கிற வயது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பதவியைப் பற்றி அல்ல. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஒரு கூட்டம் கூடியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அசரியா. அன்று முதல் கமிட்டி, விவாதம், கடிதம், மறுபடியும் கமிட்டி. வருஷக்கணக்கில் இழுத்தது. 1945 ஜனவரி 1 அன்று அவர் இறந்துபோனார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உதயமானது 1947 செப்டம்பர் 27 அன்று. இரண்டே முக்கால் வருஷ வித்தியாசம்! 28 வருஷ வேலையின் முடிவை, அதற்குத் தோள் கொடுத்தவர் பார்க்கவில்லை. கிளாரிந்தாவுக்குக் கேட்டது கிடைத்தது. அசரியாவுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. இரண்டு பேருடைய 'ஆகட்டும்' ஒன்றுதான். பதிலைப் பார்த்துவிட்டுச் சொன்ன 'ஆகட்டும்' அல்ல, பதில் சொல்பவரை நம்பிச் சொன்னது.

நண்பர்களே, இதையெல்லாம் புத்தகத்தில் படித்ததை வைத்து மட்டும் நான் பேசினால் அது நேர்மையாக இருக்காது. எனக்கும் என் மனைவிக்கும் திருமணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை, ஜெபிக்காமலும் இல்லை. நம் ஊர்க் கலியாண வீட்டுக்குப் போனால் இலையில் உட்காரும் முன்னாலேயே யாராவது ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார்கள்: "என்னப்பா, ஏதும் விசேஷம் உண்டா?" பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தச் சோறு தொண்டையில் இறங்காது. ஒரு கட்டத்தில் நான் கலியாணத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற ஞாயிறு என்று தெரிந்தால் சைட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கல்லூரியில் என்னோடு படித்த நண்பன், தன் குழந்தைக்கு ஞானத்தகப்பனாய் நிற்கும்படி கேட்டான். சாக்குச் சொல்லித் தப்பிக்கத்தான் பார்த்தேன். அப்போது என் மனைவி சொன்னாள்: "நமக்கு இன்னும் குடுக்கலன்னு, குடுத்த வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா? வாங்க, போவோம்." போனோம். குழந்தையைக் கையில் வாங்கி நின்றேன். என் கை நடுங்கியது உண்மை. ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் வறண்டு கிடந்த தளத்தில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது என்னைப் பார்த்தால் ஓடிவந்து பாக்கெட்டில்தான் கையை விடுகிறது, மிட்டாய்க்காக.

எங்கள் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று சொல்லி முடித்தால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு இன்று வழியில்லை. நாளைக்கு என்ன என்றும் தெரியாது. சில நாள் ஆண்டவரோடு சண்டை போடத்தான் செய்கிறேன். அன்னாளும் ஆலயத்தில் அழுது, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனே நினைக்கும்படிதானே ஜெபித்தாள்! சண்டை போடுகிறவன் வீட்டை விட்டுப் போய்விடவில்லை என்றாவது அர்த்தம். முன்பெல்லாம் "எப்போது தருவீர்?" என்று மட்டும்தான் கேட்பேன். இப்போது கூடவே, "இன்றைக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றும் கேட்கப் பழகுகிறேன். முதல் கேள்விக்குப் பதில் இல்லாத நாட்களிலும் இரண்டாவது கேள்விக்கு ஏதாவது ஒரு சின்னப் பதில் இருக்கிறது. ஒரு போன் பண்ணு. ஒரு வீட்டுக்குப் போ. ஒருவரை மன்னித்துவிடு. அவ்வளவுதான். அதற்குச் சொல்ல முடிகிறது, 'ஆகட்டும்' என்று.

மாணவச் செல்வங்களே, வேலைக்காகக் காத்திருக்கப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். போட்டித் தேர்வு முடிவுக்காக, விசாவுக்காக, வீட்டில் சம்மதத்துக்காக, நோயுற்ற தாய் தகப்பன் எழும்புவதற்காகக் காத்திருக்கிறவர்களும் இங்கே இருக்கலாம். கூடப் படித்தவன் மேலே போய்விட்டான், நான் மட்டும் நிற்கிறேன் என்று தோன்றும். இன்றைக்குக் காரில் வந்திறங்கின எங்களைப் பார்த்தும் அப்படித் தோன்றலாம். எங்களில் பலர் என்னென்ன காத்திருப்போடு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆகவே யாரும் தனியாகக் காத்திருக்க வேண்டாம். இந்தச் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடிப் பிரியாணி சாப்பிடுவதற்கு மட்டும் உள்ளது அல்ல என்று நம்புகிறேன். முட்டுக் கொடுத்து நிற்கிற சவுக்குக் கம்பு மாதிரி, தளம் தன் பலத்தில் நிற்கும் வரை நாம் ஒருவருக்கொருவர் நிற்கலாம். ஒரு கட்டடத்தை அழகு பார்க்கிறவர்கள் யாரும் முட்டுக் கொடுத்த கம்பை நினைப்பதில்லை. ஆனால் அது நிற்காமல் எந்தத் தளமும் நின்றதில்லை.

முடிக்குமுன் ஆற்றங்கரைக்கு வருவோம். நம் தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் 1873இல் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தினவை. அவற்றில் கல் சுமந்தவர் யார், எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. காரும் பிசானமும் விளைந்து நாம் சாப்பிடுகிறோம். என் தாத்தா விவசாயி. பிசானத்துக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் அதற்கு முன்னாலேயே மண்வெட்டியோடு போய் வாய்க்காலில் கிடக்கும் செடியையும் மண்ணையும் வாரிப் போடுவார்கள். "தண்ணி வரட்டும், அப்புறம் பாக்கலாமே தாத்தா" என்று நான் கேட்டதுண்டு. "தண்ணி வார நேரத்துல வெட்டிக்கிட்டு நிக்க முடியுமால? நம்ம வயக்காட்டத் தாண்டிப் போயிருமே" என்பார்கள்.

திறக்கிற நாள் ஆண்டவர் கையில். வாய்க்காலை வாரி வைப்பது நம் கையில். இன்று காலை ஒரு மண்வெட்டி மண்ணாவது வாரிப் போட்டு, 'ஆகட்டும், ஆண்டவரே' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

செயலாளர் அண்ணன் மைக்கைப் பார்க்கிறார்கள்.